தன்னைத்தானே எழுதிக்கொள்ளும் நிரல்

குடியாத்தத்திலிருந்து பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். வளாக நேர்காணலில், இயக்கினால் தன் மூல வரிகளையே ஓர் எழுத்தும் பிசகாமல் அச்சிடும் நிரலை, அதாவது கணினி புரோகிராமை, எழுதச் சொன்னார்களாம். ஆனால் அந்த நிரல் தன் கோப்பைத் திறந்து பார்க்கக் கூடாதாம். அது நடவாத காரியம் என்று உடன் வந்த தோழி சாதித்திருக்கிறார். தன்னை அச்சிட வேண்டுமானால் நிரல் தன் நகலைத் தனக்குள் வைத்திருக்க வேண்டும், அந்த நகலுக்குள் இன்னொரு நகல், அதற்குள் மற்றொன்று என்று முடிவே இல்லாமல் போகுமே என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான், ஆனாலும் அத்தகைய நிரல்கள் இருக்கின்றன. அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைனின் பெயரை ஒட்டி, எழுத்தாளர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1979-இல் அவற்றுக்குக் 'குவைன்' என்றே பெயர் வைத்தார்.

தன் நகலைத் தானே கேட்கும் எழுத்து நமக்குப் புதிதன்று. "இதைப் படித்தவர் ஆயிரம் பிரதி எடுத்து விநியோகித்தால் நல்ல செய்தி வரும், அலட்சியம் செய்தால் துன்பம் நேரும்" என்ற துண்டுச்சீட்டை வேலூரில் செராக்ஸ் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அறிவார். இப்போது அதுவே வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி வருகிறது. சாமி பெயரைச் சொல்லி மனிதரை நகல் இயந்திரமாக்கும் இந்தப் பயமுறுத்தலில் எனக்குச் சிறிதும் மரியாதை இல்லை. அது ஒருபுறம் இருக்க, அந்தச் சீட்டு முழுவதையும் இயந்திரத்தின் கண்ணாடி மேல் விரித்து வைத்துத்தானே பிரதி எடுக்கிறோம்? குவைனுக்கு விலக்கப்பட்டிருப்பது அந்தப் பார்வைதான். தன்னைப் பார்க்காமலேயே அது தன்னை எழுத வேண்டும்.

எப்படி என்பதை அறியக் கணினி தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். கீழே உள்ள கட்டளையை அது சொல்கிறபடியே செய்து பாருங்கள்.

பின்வரும் தொடரை முதலில் குறிகளின்றி எழுதி, அதைத் தொடர்ந்து மேற்கோள் குறிகளுக்குள் மீண்டும் எழுதுக: "பின்வரும் தொடரை முதலில் குறிகளின்றி எழுதி, அதைத் தொடர்ந்து மேற்கோள் குறிகளுக்குள் மீண்டும் எழுதுக:"

எழுதி முடித்ததும் உங்கள் தாளில் இருப்பது மேலே உள்ள அதே பத்தியாக இருக்கும். இதில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் முழு வித்தையும் இங்கேதான் இருக்கிறது. பத்தியின் முதல் பாதி கட்டளை; அதற்கு நாம் கீழ்ப்படிகிறோம். இரண்டாம் பாதியில் இருப்பவை அதே சொற்கள்தாம் என்றாலும், மேற்கோள் குறிகளுக்குள் அடைபட்டிருப்பதால் அவை நமக்கு எதையும் ஆணையிடுவதில்லை. அவை வெறும் சரக்கு. அந்தச் சரக்கை ஒருமுறை உறையைக் கழற்றி எழுதும்போது முதல் பாதி கிடைத்துவிடுகிறது, மறுமுறை உறையோடு எழுதும்போது இரண்டாம் பாதி கிடைத்துவிடுகிறது. சரக்குக்குள் அதன் சொந்த நகல் இருக்க வேண்டிய அவசியமே எழவில்லை, ஏனெனில் ஒரே சரக்கு இரண்டு முறை பயன்படுகிறது. தோழியின் முடிவற்ற சங்கிலி அறுபடும் இடம் இதுவே.

நிரல்மொழிகளில் எழுதும்போது ஒரு சில்லறைத் தொல்லை குறுக்கிடும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துச் சரத்தில் இன்னொரு மேற்கோள் குறியை வைத்தால், சரம் அங்கேயே முடிந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். ஆகவே பல குவைன்களில் 34 என்ற எண் சம்பந்தமில்லாததுபோல் நடுவில் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அது, ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில், இரட்டை மேற்கோள் குறியின் எண். குறியை எழுதாமல் அதன் எண்ணைச் சொல்லி அச்சிடச் செய்கிறார்கள். பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு சரத்தை மேற்கோள் குறிகளோடு சேர்த்தே அச்சிடும் வசதி இருப்பதால், 31 எழுத்துகளில் ஒரே வரிக் குவைனை எழுதிவிட முடிகிறது. குறும்புக்காரர்கள் இதோடு நிற்கவில்லை. வேண்டுமென்றே புரியாதபடி எழுதிய சி மொழி நிரல்களுக்கென நடக்கும் பன்னாட்டுப் போட்டிக்கு 1994-இல் ஒருவர் எதுவுமே எழுதாத வெற்றுக் கோப்பை அனுப்பினார். அது எதையும் அச்சிடாமல் தன்னைத் துல்லியமாக அச்சிட்டது, விதிகளை மிக மோசமாக வளைத்ததற்கான பரிசையும் பெற்றது. ஜப்பானியரான யூசுகே எண்டோ, ரூபி மொழியில் தொடங்கி ஒவ்வொரு நிரலும் அடுத்த மொழியில் ஒரு நிரலை அச்சிட, 128 மொழிகளைச் சுற்றிப் பழைய ரூபி நிரலுக்கே திரும்பும் சங்கிலி ஒன்றை அமைத்திருக்கிறார்.

இதனால் என்ன பயன் என்று கல்லூரிகளின் ப்ராஜெக்ட் மதிப்பீட்டுக் குழுக்கள் உடனே கேட்கும். பயனுள்ளவை என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும் நூலக மேலாண்மை, வருகைப் பதிவேடு ப்ராஜெக்ட்டுகள்தான், குவைனின் உதவி ஏதுமின்றி, ஆண்டுதோறும் தம்மைத் தாமே நகலெடுத்துக்கொண்டிருக்கின்றன. கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1938-இல் இத்தகைய நிரல்களுக்கு அடித்தளமான தேற்றத்தை வெளியிட்டபோது அதை இயக்கிப் பார்க்கக் கணினியே இல்லை. அன்று எந்தக் குழுவும் அதற்குப் பயன் கண்டிருக்காது. ஆராய்ச்சி நிதியில் ஒரு சிறு பங்கு இத்தகைய விளையாட்டுகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1948-இல் கணித மேதை ஜான் வான் நாய்மன், தன்னைப் போன்றதொரு இயந்திரத்தைத் தானே உருவாக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசியபோது இதே தீர்வைத்தான் முன்வைத்தார்: இயந்திரத்தின் வரைவிளக்கம் ஒருமுறை படித்துச் செயல்படுத்தப்படும், மறுமுறை பொருள் கொள்ளாமல் அப்படியே நகலெடுக்கப்படும். டிஎன்ஏவின் அமைப்பு 1953-இல்தான் வெளியானது. நம் உயிரணுக்களிலும் அந்த இழை ஒருபுறம் புரதம் செய்யப் படிக்கப்படுகிறது, மறுபுறம் வெறுமனே படியெடுக்கப்படுகிறது.

விளையாட்டு விபரீதமாகவும் ஆகக்கூடும் என்பதை 1984-இல் வெளியான தம் டூரிங் விருது (கணினித் துறையின் உயரிய விருது) உரையில் கணினி அறிஞர் கென் தாம்ப்சன் காட்டினார். கம்பைலர் என்பது மனிதர் எழுதிய மூல நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மொழிபெயர்க்கும் நிரல். அவர் விவரித்த கம்பைலர், பயனர் நுழைவுக்கான நிரலை மொழிபெயர்க்கும்போது அதில் கடவுச்சொல் தெரியாதவரும் நுழைய ஒரு கள்ளக் கதவைச் சேர்த்துவிடும்; கம்பைலரின் சொந்த மூல நிரலையே மொழிபெயர்க்கும்போது, குவைன் உத்தியைக் கொண்டு இந்தத் திருட்டுப் பகுதி முழுவதையும் புதிய கம்பைலருக்குள் மறுபடி எழுதிவிடும். ஒருமுறை இது நடந்த பிறகு மூல நிரலிலிருந்து அந்த வரிகளை நீக்கிவிடலாம். வரி வரியாகப் படித்தாலும் களங்கம் தெரியாது. இயங்கும் கம்பைலருக்குள் அது தலைமுறை தலைமுறையாக உயிர்வாழும். இதைப் பிடிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் வீலர் 2005-இல் விவரித்த வழி, அதே மூல நிரலைத் தொடர்பற்ற இன்னொரு கம்பைலரால் மொழிபெயர்த்து, கிடைத்ததைக் கொண்டு அதையே மீண்டும் மொழிபெயர்த்து, வருவதைச் சந்தேகத்துக்குரிய கம்பைலரோடு பிட்டுக்குப் பிட்டு ஒப்பிடுவதாகும். எதிர்பாராத இடத்தில் ஒரு பிட் வேறுபட்டாலும் தேடத் தொடங்கலாம்.