வீட்டு வாசலில் எம்எக்ஸ்-5: குதிரைத் திறனைக் கூட்டுவதற்கு முன் துருவைப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே ஸ்பேனர் பிடிப்பதை நான் எப்போதும் வரவேற்பவன். இங்கிலாந்தில் மெக்கானிக்காகவும், காருக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி தகுதிச் சோதனையைச் செய்பவனாகவும் வேலை பார்க்கிறேன். தன் காரைத் தானே பிரித்துப் பார்த்தவர் பட்டறைக்கு வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். எந்தப் பக்கம் சத்தம், எந்த வேகத்தில் அதிர்வு, எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார் என்று தெளிவாகச் சொல்வார்.

ஆனால் வீட்டில் வேலை பார்த்த கார்களை லிஃப்டில் ஏற்றும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பணமும் நேரமும் வேகத்துக்கும் அழகுக்கும் போயிருக்கும். காரைத் தாங்குகிற தகட்டையும், காரை நிறுத்துகிற பிரேக்கையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வைத்தே பேசலாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இரண்டு இருக்கை கார். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. முதல் மாடலின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான். இன்ஜின் முன்னால் நீளவாக்கில் இருக்கும், பின் சக்கரங்கள் ஓட்டும், பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். முதலில் வந்த 1.6 லிட்டர் இன்ஜினில், வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளாது. ஆயில், பிளக், பெல்ட், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடைப்பது கடினம். என் வாடிக்கையாளர்களில் பல தமிழ் இளைஞர்களின் முதல் ஸ்போர்ட்ஸ் காரும் இதுதான்.

இந்தக் காரின் எதிரி துரு. பனிக்காலத்தில் இங்கே சாலையெங்கும் உப்புத் தூவுவார்கள், அது கீழிருந்து அரிக்கும். அது எல்லாக் காருக்கும் உள்ளது. எம்எக்ஸ்-5க்கு மேலிருந்தும் ஒரு வழி உண்டு. துணிக் கூரையில் விழும் மழைநீர் பின்பக்கமாக ஓடி, சீட் பெல்ட் இருக்கும் இடத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளைகளில் இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காரில் இலைத் துணுக்கும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் வரும், அல்லது கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற தகட்டுக்குள் போகும். அதைக் கதவடித் தகடு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே தேங்கிய தண்ணீர் உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் கொப்புளம் போல் எழும்பி உங்கள் கண்ணில் படும்போது, உள்தகட்டில் பெரும்பகுதி போயிருக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம், செலவே இல்லை. கூரையைப் பாதி மடக்கி, ஒவ்வொரு பக்கத்துத் துளையிலும் ஒரு கப் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் அந்தப் பக்கமே காருக்கு அடியில் சொட்ட வேண்டும். தேங்கி நின்றாலோ, சொட்டவே இல்லை என்றாலோ அடைப்பு. சுத்தம் செய்ய வளையும் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்துங்கள். துணி மாட்டும் கம்பியை நீட்டி விடாதீர்கள், அடியில் இருக்கும் ரப்பர் வால்வு கிழிந்துவிடும். இலையுதிர் காலம் முடிந்ததும் ஒரு முறை, வசந்தத்தில் ஒரு முறை செய்தால் போதும். இந்த வேலைக்கு யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஆனாலும் இந்தக் காரின் ஆயுளைக் கூட்டும் வேலைகளில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

இரண்டாவது மாடல் வைத்திருப்பவர்கள், குறிப்பாக 2001க்குப் பிறகு வந்த கார் என்றால், முன்பக்கச் சட்டங்களையும் பாருங்கள். சக்கரங்களுக்கு உள்பக்கமாக முன்னோக்கி நீளும் அந்தச் சட்டங்களில் வலுவுக்காகக் கூடுதல் தகடு வைத்திருக்கிறார்கள். அடுக்குகளுக்கு நடுவே ஈரம் தங்கி, உள்ளிருந்தே உளுத்துப்போகும். பழைய காராக வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

இப்போது அலங்காரத்துக்கு வருகிறேன். ஒரு தம்பி தன் காரைக் கொண்டுவந்தார். புதுக் கோயில்ஓவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட்), புது அலாய் வீல், பக்கவாட்டில் பளபளப்பான பிளாஸ்டிக் ஸ்கர்ட். “அண்ணா, ரோட்டில் மேடு வந்தால் பின்னால் ஏதோ முறுக்குகிற மாதிரி இருக்கு” என்றார். ஸ்கர்ட்டைக் கழற்றிக் கதவடித் தகட்டை விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. முன்பு வைத்திருந்த யாரோ ஓட்டைக்குள் ஃபோம் அடைத்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்து, அதன்மேல் ஸ்கர்ட்டை மாட்டியிருக்கிறார்கள். அவர் போட்ட கோயில்ஓவரின் விலையில் இரண்டு பக்கமும் நல்ல தகடு வெட்டி வெல்டிங் செய்திருக்கலாம்.

“போன மாதம்தானே எம்ஓடி பாஸ் ஆச்சு” என்று கேட்டார். பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு. சோதனையின்போது நாங்கள் எதையும் கழற்றக் கூடாது என்பது விதி. ஸ்கர்ட் மூடியிருக்கும் தகட்டை எங்களால் பார்க்க முடியாது. பார்க்க முடிந்த இடத்தில், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு வலுவிழந்திருந்தால் ஃபெயில். அந்த இடத்தைப் பட்டி பூசியோ ஃபைபர் வைத்தோ சரிக்கட்டியிருந்தாலும் ஃபெயில்தான், முறையான வெல்டிங் வேண்டும். ஆகவே ஸ்கர்ட், அகலமான மட்கார்ட் போன்றவற்றை மாட்டுவதற்கு முன் அடியில் இருப்பதைச் சரிசெய்துவிட்டு மாட்டுங்கள். துருவின் மேலேயே தார் போன்ற கறுப்புப் பூச்சை அடிப்பதும் தவறு. பூச்சுக்கு அடியில் ஈரம் சிறைப்பட்டு இன்னும் வேகமாகத் தின்னும். துருவைச் சுரண்டி எடுத்து, ப்ரைமர் அடித்து, பெட்டி போன்ற பகுதிகளுக்குள் நீள முனை வைத்த ஸ்ப்ரேயால் மெழுகு அடிப்பதுதான் சரியான முறை. வீட்டில் தாராளமாகச் செய்யலாம்.

கதவடித் தகட்டைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. ஜாக்கி வைக்கும் இடமும் அதில்தான் இருக்கிறது. தகடு உளுத்திருந்தால், நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது ஜாக்கி முனை உள்ளே புகுந்துவிடும்.

தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். ஜாக்கி காரைத் தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடக் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். எம்எக்ஸ்-5ஐத் தூக்கும்போது முன்பக்கம் என்றால் நடுவிலுள்ள குறுக்குச் சட்டம், பின்பக்கம் என்றால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல், இந்த இடங்களில் ட்ராலி ஜாக்கியை வைத்து, கதவடித் தகட்டில் குறிக்கப்பட்ட இடங்களில், தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியல் வரை நீளும் அலுமினியச் சட்டம் ஒன்று இருக்கிறது. பார்க்க உறுதியாக இருப்பதால் பலர் அதில் ஜாக்கி வைக்கிறார்கள். வைக்கவே கூடாது, அது வளைந்துவிடும். தரை சமமான கான்கிரீட்டாக இருக்கட்டும். வீட்டு வாசலில் பதித்த கற்கள் சரிவாக இருந்தால் அங்கே வேண்டாம். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் காரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், எது தவறினாலும் அந்தச் சக்கரம் தாங்கும். புது ஸ்டாண்ட்தானே என்றும் இருந்துவிட வேண்டாம். 2020ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் ஏராளமானவற்றைத் திரும்பப் பெற்றது, பல் சரியாகப் பதியாமல் காரோடு இறங்கிவிடும் ஆபத்து இருந்ததால். அதற்கு மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றை வெல்டிங் குறைக்காக அதே ஆண்டில் மறுபடியும் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

அடுத்தது பிரேக். பேட் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் முதல் இரண்டு மாடல்களின் பின் காலிப்பரில், அதாவது பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகத்தில், ஹேண்ட் பிரேக் இயக்கமும் சேர்ந்திருக்கிறது. முன் காலிப்பர் மாதிரி கிளாம்ப் போட்டு பிஸ்டனை அழுத்தினால் உள்ளே கெட்டுவிடும். காலிப்பரின் பின்பக்கம் 14 எம்எம் போல்ட் ஒன்று மூடி மாதிரி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 எம்எம் ஆலன் கீ நுழையும் அட்ஜஸ்டர். அதைத் திருப்பித்தான் பிஸ்டனை உள்ளே இழுக்க வேண்டும், புது பேட் போட்டதும் அதே இடத்தில்தான் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். “ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை” என்று வரும் எம்எக்ஸ்-5களில் பலவற்றில் இதைத் தொடாமல் கேபிளை மட்டும் இழுத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். காலிப்பரைக் கழற்றினால் ரப்பர் ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் கட்டி வையுங்கள். எல்லாம் மாட்டி முடித்ததும், காரை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டிப்படும் வரை பாருங்கள். முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும். அந்த முதல் மிதி தெரு முனையில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியதும் அந்தத் தரம் எதிர்பார்ப்பது 155 டிகிரிதான். ரேஸ் ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டலாம் என்று புது டிஸ்க், புது பேட் போட்டுவிட்டு, எந்தக் காலத்து ஆயில் என்றே தெரியாமல் வருபவர்கள் இருக்கிறார்கள். ஆயில் கொதித்து ஆவியானால் பெடலில் எதிர்ப்பே இருக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ட்ராக்குக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்பு மாற்றுங்கள்.

சக்கர நட்டை ஏர் கன் வைத்து இறுக்குவதை விட்டுவிடுங்கள். தொழிற்சாலை சொல்லும் அளவு 89 முதல் 117 நியூட்டன் மீட்டர். அதற்கு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் கை வைக்கிறவர் முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான். வீல் மாற்றியிருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி சரிபாருங்கள்.

காரைத் தாழ்த்த நினைப்பவர்கள் ஸ்ப்ரிங்கை வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்ப்ரிங், சக்கரம் தொங்கும்போது தான் உட்கார வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்துவிடும். புது கோயில்ஓவருக்குப் பழைய மேல் மவுன்ட்டை எடுக்க வேண்டியிருந்தால் ஸ்ப்ரிங்கை அழுத்தித்தான் பிரிக்க வேண்டும். அழுத்திய ஸ்ப்ரிங் நழுவினால் முகமோ கையோ போய்விடும். இந்த ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷாக் அப்சார்பரை ஸ்ப்ரிங்கோடு முழுதாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தால், சுவரில் பொருத்திய ஸ்ப்ரிங் அழுத்தும் கருவியில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் பிரித்துக் கொடுத்துவிடுவோம், செலவும் குறைவு. மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாலஜன் விளக்குக்குள் எச்ஐடி அல்லது எல்ஈடி பல்ப் போட்டால் எம்ஓடி ஃபெயில். தொழிற்சாலையில் ஏர்பேக்கோடு வந்த ஸ்டியரிங்கை எடுத்துவிட்டு ஏர்பேக் இல்லாத ரேஸ் ஸ்டியரிங் போட்டாலும் அப்படித்தான். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க் குழாய் வைப்பதும் அதே கதி, தெருவில் தூங்குகிறவர்களுக்கும் அது தொல்லை.

இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் ஒவ்வொரு மாற்றத்தையும் சொல்லுங்கள், அலாய் வீல் உட்பட. இங்கே 2012ல் வந்த சட்டப்படி, நிறுவனம் கேட்கும் கேள்விக்குக் கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொல்வது உங்கள் பொறுப்பு. அசட்டையாக விட்டிருந்தால் இழப்பீட்டைக் குறைக்கலாம், வேண்டுமென்றே மறைத்திருந்தால் முழுதாக மறுக்கலாம். விபத்து நடந்த பிறகு காரைப் பார்க்க வரும் ஆய்வாளருக்குக் கோயில்ஓவர் நிச்சயம் தெரியும்.

அடுத்த பாகத்துக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஏதாவது ஒரு நல்ல பட்டறையில் ஒரு மணி நேரம் லிஃப்டுக்குக் கேளுங்கள். எம்ஓடி சோதனையாக வேண்டாம், காசு கொடுத்து அடிப்பகுதியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட நின்று பாருங்கள். போகும்போது ஸ்கர்ட்டையும் பின் சக்கரத்தின் உள் மட்கார்டையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். அவை இருந்தால் பார்க்க வேண்டிய தகட்டில் பாதி கண்ணில் படாது.