வயல் மருந்தை வீட்டுச் சுவருக்கு அடிக்காதீர்கள்

முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில் கதவு நிலை மாற்றுவதற்கு மதிப்பீடு எழுதப் போயிருந்தேன். நிலையின் அடியை ஸ்குரூ டிரைவரால் மெல்ல அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டது. கறையான் தின்ற நிலை எனக்குப் புதிதில்லை. அந்த அறைக்குள் நின்ற மணம்தான் திடுக்கிட வைத்தது. மருந்தடித்த வயல் வரம்பில் நடந்தால் மூக்கில் ஏறுமே, அதே மணம்.

"மிச்சம் கிடந்த வயல் மருந்தைத்தான் அடிச்சனாங்கள் தம்பி. கறையானுக்கு வேற என்ன செய்யிறது?" என்றார் அந்த வீட்டு அம்மா. அடித்த அன்றிரவு நாலு வயதுப் பேரப்பிள்ளை அந்தச் சுவரோரம்தான் பாயில் படுத்திருக்கிறது. விடிவதற்குள் சத்தி, வாயால் ஓயாமல் வீணீர், உடம்பெல்லாம் வியர்வை. ஆஸ்பத்திரியில் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பதைப் பார்த்ததும் என்ன மருந்து அடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்களாம். பிள்ளை தப்பிவிட்டது. ஆனால் இப்படி மருந்து மணக்கும் வீடு எனக்கு இந்த வருடம் மட்டும் நாலாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

கறையானுக்குக் கடும் மருந்து அடித்தால் போய்விடும் என்பது வன்னி முழுக்க ஊறிப்போன எண்ணம். நிலையில் நீங்கள் பார்ப்பது இரை தேடி வந்த வேலைக்காரக் கறையான்களைத்தான். இராணியும் கூடும் மண்ணுக்குள் கிடக்கின்றன, சில வேளை வேலிக்கரையில், சில வேளை முற்றத்துப் பட்ட மரத்தின் வேருக்குள். சுவரில் அடிக்கும் மருந்து அங்கே போகாது. வந்தவை சாகும், அவை ஏறிவந்த மண் வரி காயும், நீங்கள் சந்தோசப்படுவீர்கள். இரண்டு மாதத்தில் அடுத்த நிலையிலோ கூரைக் கைமரத்திலோ புது வரி ஏறும். உடனே, "போன மருந்து காணாது, இன்னும் கடுமையானதாக வாங்கு." இதில் நஞ்சு ஏறுவது உங்கள் பிள்ளைக்கு, கறையானுக்கு அல்ல. வயல் மருந்து திறந்த வெளிக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் கணக்குப் பண்ணிச் செய்தது. பூட்டிய அறைக்குள் அடித்தால் பாயிலும் தலையணையிலும் தங்கி நிற்கும். கழிவு ஓயில் ஊற்றுவதும் அப்படித்தான். நிலையடியில் ஊற்றுவது கிணற்றுக்கு இறங்க அதிக காலம் எடுக்காது, நம் கிணறுகள் ஆழமில்லாதவை.

சரி, கறையான் ஏன் அந்த நிலையைத் தேடி வந்தது? அந்த வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குசினித் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறது. அதைக் குடிக்க இரண்டு வாழை. கூரைத் தண்ணீரை ஏந்தி ஓடவிடும் பீலி இல்லை, மழைத்தண்ணீர் நேரே அத்திவாரத்தில் குத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூங்கன்று வைக்கவென்று சுவரோடு அணைத்து ஒரு முழ உயரத்துக்கு மண்.

அந்த மண்தான் எமன். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மேசன்மார் தார் பூசி ஒரு படை போடுவார்கள், டிபிசி என்பார்கள். நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் மறிப்பது அதுதான். நீங்கள் வெளியே மண்ணை அதற்கு மேலே அணைத்துவிட்டால் ஈரமும் கறையானும் அந்தப் படையைச் சுற்றி ஏறிவிடும். கறையானின் உடம்பு மெல்லியது, காய்ந்த இடத்தில் சாகும். மண்ணால் மூடி வரி கட்டி வருவதே ஈரம் காயாமல் இருக்கத்தான். சீமெந்து நிலை போட்டால் வராது என்பவர்களுக்கும் இதே பதில். சீமெந்தின் மேலாகவும் வரி ஏறும், மயிர் வெடிப்புப் போதும், மேலே கூரைமரம் இருக்கிறது அல்லவா? முதிரையும் பாலையும் வைரம் பாய்ந்தது என்றால் நெடுநாள் தாங்கும், ஆனால் இன்று கடையில் கிடைக்கும் மரத்தில் வைரம் ஏறாத வெளிறு அதிகம்.

2012 இலிருந்து இங்கே கட்டிய வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் சனம் பின்னால் தாங்களாகவே ஒரு குசினி இறக்கியிருக்கிறது. அந்த ஒட்டுச் சுவருக்கு டிபிசி போட்ட ஆட்களை நான் காணவில்லை. சுவரில் உப்புப் பூத்ததும் மேலே பூச்சுப் பூசி பெயின்ற் அடிக்கிறீர்கள். ஈரம் உள்ளேயே நிற்கும், அடுத்த மாரிக்குப் பெயின்ற் பொருக்காக உதிரும். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் அப்படி அவசரப்பட்டுப் பூசிய சுவர்களைத் திரும்பக் கொத்தி இறக்கியிருக்கிறேன்.

ஆகவே, மழைக்கு முன் செய்யுங்கள். சுவரோடு கிடக்கும் மண்ணை வெட்டி இறக்குங்கள், அத்திவாரம் அரை அடியாவது வெளியே தெரியவேண்டும். பீலி போட வசதி இல்லாவிட்டால் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் சரிவாகச் சீமெந்துத் தளம் போட்டு வெளியே ஓட விடுங்கள். பீலி இருந்தால் சருகை அள்ளுங்கள், அடைபட்ட பீலியில் நுளம்பு ஒரு கிழமை பத்து நாளில் பெருகிவிடும், டெங்கு அப்படித்தான் வருகிறது. விறகைச் சுவரில் சாத்தாதீர்கள். நெல் மூட்டையைப் பலகையில், சுவருக்கு ஓரடி தள்ளி அடுக்குங்கள். பைப் ஒழுக்கை அடைத்துக் குசினியை இரவில் காய விட்டால் கரப்பானும் தானாகக் குறையும். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான்தான், ஆனால் முதல் மழைக்கு விளக்கடிக்கு வரும் ஈசலுக்குப் பயப்படவேண்டாம். உங்கள் சுவருக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினால் ஆள் கூப்பிடுங்கள். பதிவு பெற்ற கறையான் ஒழிப்பு வேலையாள் சுவரடியில் துளையிட்டு மண்ணுக்குள் மருந்து இறக்குவார். அது வேறு மருந்து, வேறு அளவு, அவருடைய வேலை. புது வீடு கட்டுபவர்கள் அத்திவாரம் போடும்போதே செய்தால் செலவு குறைவு.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பத்திரங்கள் வைத்த றங்குப் பெட்டியைத் தரையில், சுவரோரம் வைக்காதீர்கள். கடைசி யுத்தத்தில் மாத்தளனிலிருந்து பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த காணிப் பத்திரத்தை, சொந்த வீட்டில் கறையானுக்குக் கொடுத்துவிட்டு அழுத ஒரு ஐயாவைப் பார்த்திருக்கிறேன். அதே பொலித்தீனில் சுற்றி, நாலு கல் மேல் வையுங்கள்.

வயல் மருந்தை ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? அந்த அறையில் யாரும் படுக்கவேண்டாம். சன்னலைத் திறவுங்கள். யாருக்காவது சத்தி, வீணீர், மூச்சு முட்டல் என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், மருந்துப் போத்தலையும் கூடவே கொண்டுபோங்கள்.

முத்தையன்கட்டு வீட்டுக்கு நிலை மதிப்பீடு நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. மண்ணை வெட்டிவிட்டார்கள், குசினித் தண்ணீரை வாழையோடு சேர்த்துக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் கொண்டுபோய்விட்டார்கள். மாரி முடிந்து சுவர் காயட்டும், பங்குனியில் வந்து புது நிலை வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.