துப்பாக்கி லைசென்ஸ்: விண்ணப்பத்திலிருந்து வீட்டுப் பெட்டகம் வரை

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது என்பது ஊரில் தெரியும். அதனாலேயே வருடத்துக்கு நாலைந்து பேராவது "ஒரு ரிவால்வர் லைசென்ஸ் எடுக்கணும், எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டு வந்துவிடுகிறார்கள். ரேஷன் கார்டு மாதிரி, டிரைவிங் லைசென்ஸ் மாதிரி, பணம் கட்டினால் வந்துவிடும் என்ற நினைப்பு. அப்படி இல்லை. அதை விளக்கத்தான் இது.

அடிப்படை 1959-ம் வருடத்து ஆயுதச் சட்டம். விண்ணப்பம், படிவம், கட்டணம் எல்லாம் 2016-ல் வந்த ஆயுத விதிகளில் இருக்கின்றன. 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள் (முதலில் ஒன்றுதான் என்று மசோதா கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டாக்கினார்கள்). லைசென்ஸின் ஆயுள் 3 வருடத்திலிருந்து 5 வருடமானது. மூன்றாவது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் அதை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது.

யார் கேட்கலாம்? 21 வயது ஆகியிருக்க வேண்டும். குறி சுடும் பயிற்சிக்கு மட்டும் வயதில் சலுகை உண்டு. அடிதடி மாதிரி வன்முறை வழக்கில் தண்டனை பெற்றிருந்தால், தண்டனை முடிந்து 5 வருடம் வரை கிடைக்காது. மனநலப் பிரச்சினை இருந்தாலும் கிடையாது. அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று: சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஊரில் பெரிய வீடும் தோப்பும் உள்ளவர்களுக்குத்தான் துப்பாக்கி என்பது பழைய பண்ணையார் காலத்து மிச்சம். ஆனால் சொத்து இருக்கிறது என்பதாலும் கொடுத்துவிட மாட்டார்கள். உயிருக்கு உண்மையான மிரட்டல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். "பயமா இருக்கு சார்" என்றால் எடுபடாது. கொடுத்த புகாரின் ரசீது, எஃப்.ஐ.ஆர். நகல், நகைக்கடையோ பணம் புழங்கும் தொழிலோ என்றால் அதற்கான ஆவணம் என்று கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை சென்னை மாநகரில் போலீஸ் கமிஷனருக்கும் மாவட்டங்களில் கலெக்டருக்கும் கொடுக்க வேண்டும். படிவத்துக்குப் பெயர் ஏ-1. கூடவே உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதிமொழி. பிறகு உங்கள் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், வீட்டில் தினமும் சண்டையா, குடிப்பழக்கம் உண்டா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். மறுத்தால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கொடுத்தால் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் பதிவாகி யு.ஐ.என். என்ற தனி எண் வரும். பழைய லைசென்ஸ் புத்தகத்தில் அந்த எண் ஏறவில்லை என்றால் அது செல்லாது, உடனே கவனியுங்கள்.

சரி, எதை வாங்குவது? இங்கேதான் ஆளாளுக்கு ஒரு கருத்து. தனியாருக்கு அனுமதியில்லாத ரகங்கள் உண்டு. 9 எம்.எம்., .303, .38 (இவை தோட்டா அளவுகள், புள்ளி வைத்தவை அங்குலத்தில்) எல்லாம் அந்தப் பட்டியலில் வரும், அவற்றுக்கு மத்திய உள்துறைதான் லைசென்ஸ் தர முடியும், சாமானியர்களுக்கு வராது. நம் கடைகளில் .32 ரிவால்வரும் .315 ரைஃபிளும் அதிகம் இருப்பதற்கு அதுதான் காரணம், ராணுவமும் போலீஸும் புழங்கிய அளவுகளைத் தவிர்த்து உருவான அளவுகள் அவை. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது 1980-களிலேயே அடைபட்டுவிட்டது, பேர்பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வழி உண்டு. அதனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் யானை விலை. கான்பூர் தொழிற்சாலை ரிவால்வரே லட்சத்துக்கு மேல் போகும்.

என்னைக் கேட்டால், கைத்துப்பாக்கி கட்டாயம் என்றால் முதல் முறை வாங்குபவருக்கு ரிவால்வர்தான், பிஸ்டல் வேண்டாம். உருளையைத் திறந்து பார்த்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பிஸ்டலில் மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றிவிட்டு "காலி" என்று நினைத்திருப்போம், உள்ளே அறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். விபத்து பெரும்பாலும் அந்த ஒற்றைத் தோட்டாவால்தான். தனித்தோட்டத்தில், எஸ்டேட்டில் இருப்பவருக்கோ ரிவால்வரே தேவையில்லை, 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல், போதும். மடக்கினால் இரண்டு குழலும் கண்ணுக்குத் தெரியும், பழுதாவதும் குறைவு. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 12 போர் பம்ப் ஆக்ஷன் (முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) செய்கிறது, நல்ல பொருள்தான், ஆனால் வீட்டில் நாலு பேர் புழங்கும் இடத்தில் எனக்கு டபுள் பேரலின் எளிமை பிடிக்கும். இடுப்பில் செருகி நடக்க வேண்டும் என்ற ஆசைக்காக ரிவால்வர் கேட்பவர்களிடம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

லைசென்ஸே இல்லாமல் ஏதாவது? குழல் அளவு பாயிண்ட் 177 அங்குலத்துக்கு மேல் போகாத, குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு மரத்தில் புறாவையும் கொக்கையும் சுட்டால் வனத்துறை வழக்கு போடும், அது வேறு கதை. நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மலையடிவாரக் கிராமங்களில் இன்னும் நம்புகிறார்கள். தவறு. மருந்து கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழலுக்கும் லைசென்ஸ் வேண்டும், இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. பக்கத்துக் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை நிலவுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடர்வது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதைக் காட்டி இங்கே வாதாட முடியாது.

பன்றித் தொல்லைக்குக் கேட்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வகை உண்டு. ஆனால் லைசென்ஸ் துப்பாக்கியை வைத்திருக்க மட்டும்தான், காட்டுப்பன்றியைச் சுட அனுமதி அல்ல. 2025-ல் தமிழக அரசு வகுத்தபடி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். கடலையும் மரவள்ளியும் ஒரே ராத்திரியில் போன விவசாயிக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. இருந்தாலும் கோபத்தில் துப்பாக்கி விசையை இழுத்துவிட்டு வனச்சட்டத்தில் மாட்டிக்கொண்டவர் பன்றியால் போனதைவிட அதிகம் இழப்பார்.

தற்காப்புக்குச் சுடலாமா? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உரிமை உண்டு, ஆனால் ஆபத்துக்குத் தேவையான அளவுக்குத்தான். தேங்காய் திருடிவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019-க்குப் பிறகு தனிக் குற்றம்: பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்தில் சுட்டால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது நாங்களே பட்ட பாடு. தாத்தா போனபோது துப்பாக்கி பரணில் துணி சுற்றிக் கிடந்தது. காரியம், பத்திரம், பட்டா மாற்றம் என்று ஓடியதில் எட்டு மாதம் யாருக்கும் அது ஞாபகமில்லை. லைசென்ஸ்காரர் இறந்ததும் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்க யாருக்கும் உரிமை இல்லை என்று ஸ்டேஷன் ரைட்டர் சொல்லித்தான் தெரிந்தது, அவர் நல்ல மனிதர், ஒப்படைக்க வைத்து ரசீது கொடுத்தார். நீங்கள் அப்படி விடாதீர்கள். உடனே ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ கொடுத்துவிட்டு வாரிசு பெயரில் விண்ணப்பியுங்கள். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரை நியமிக்கலாம். வீட்டுப் பெரியவர் நல்ல நிலையில் இருக்கும்போது இதைச் செய்வதுதான் சுலபம்.

தேர்தல் வந்தால் இன்னொரு அலைச்சல். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள், வங்கிக் காவலர் மாதிரி சிலருக்கு விலக்கு, உங்களுக்கு விலக்கு வேண்டுமானால் மாவட்டத்தில் இதற்கென உள்ள குழுவிடம் எழுதிக் கேட்கலாம். கொடுக்கும் முன் குழலைத் துடைத்து எண்ணெய் போடுங்கள், ரசீதில் துப்பாக்கி எண்ணும் அதன் நிலையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேஷன் அறையில் ரெண்டு மாதம் சாய்ந்து கிடந்து துருவோடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் இரும்புப் பெட்டகம், சுவரில் போல்ட் போட்டது. தோட்டா வேறு பூட்டில், சாவி உங்களிடம் மட்டும். லைசென்ஸ் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள், கொடுத்ததற்கு ரசீதை வாங்கிப் புத்தகத்தின் உள்ளேயே செருகி வையுங்கள்.