பாண்டோலியர் பை: சொல்லும் பொருளும்

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் மணிவேலையைப் பற்றி எதைப் படித்தாலும் 'பாண்டோலியர் பை' என்ற பெயர் வந்துவிடும். மார்பின் குறுக்கே ஓர் அகலமான வார், இடுப்போரம் தொங்கும் பை, அதை மூடும் முக்கோண மடல். சிவப்பு அல்லது கருநீலக் கம்பளித் துணி, ஓரங்களில் பட்டு ரிப்பன், மேலே கண்ணாடிப் பாசிமணிகள். ஆண்கள் விசேஷங்களுக்கு அணிந்த பை இது.

பெயர் மட்டும் படைவீரர்களுடையது. ஸ்பானிய மொழியில் 'பண்டா' என்றால் உடலுக்குக் குறுக்கே கட்டும் பட்டை. அதிலிருந்து 'பண்டோலேரா' பிறந்து, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. துப்பாக்கி வீரர்கள் வெடிமருந்தைத் தொங்கவிட்டுக்கொண்ட தோள்வாருக்கு அது பெயரானது. தங்கள் நிலத்துக்கு வந்த ஐரோப்பியப் படையினரின் தோட்டாப் பையைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் தென்கிழக்குப் பழங்குடிகள் இந்த அமைப்பை எடுத்துக்கொண்டார்கள் என்பது பரவலான கருத்து. அமைப்பு அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அதில் தைத்த உருவங்கள் முழுக்க அவர்களுடையவை. வாரின் வலப்பாதியில் ஒரு கோலம், இடப்பாதியில் வேறொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. எனக்கு இந்தப் பைகளில் மிகவும் பிடித்தது இந்தத் துணிச்சல்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தோட்டா வார்' படைத்துறைக்குச் சரி, இங்கே பொருந்தாது. 'ஜோல்னா பை' எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் நம் மனத்தில் உடனே ஒரு பருத்திப் பை வந்து நின்றுவிடும். 'தோள்வார்ப் பை' என்பதே என் தேர்வு. பையைவிட வார்தான் கண்ணில் படும் பொருள் இது, அதனால் 'வார்' என்ற சொல் உள்ளே இருந்தாக வேண்டும்.

கூடவே இன்னொன்று: இந்த வேலையை 'மணி கோத்தல்' என்று எழுதுகிறார்கள். கோப்பது பாதி வேலைதான். ஒரு நூலில் மணிகளைக் கோத்துத் துணிமேல் கோட்டின்படி படியவைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை இன்னொரு நூலால் குறுக்கே தைத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு ஊசி, இரண்டு நூல். மணி ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர். பிடிப்புத் தையல் தளர்ந்தால் வளைவு நெளிந்துபோகும். ஆகவே 'மணித்தையல்' என்பதே பொருத்தம். பொதுவாகச் சொல்லும்போது 'மணிவேலை' போதும்.

1838-39இல் செரோக்கி மக்கள் அப்பலாச்சிய மலைநாட்டிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்கு வலுக்கட்டாயமாகத் துரத்தப்பட்டார்கள். கண்ணீர்ப் பாதை என்று வரலாறு சொல்லும் அந்தப் பயணத்தில் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். தோள்வார்ப் பை செய்யும் வழக்கமும் அதற்குப் பிறகு அற்றுப்போனது. எஞ்சிய பழைய பைகள் அருங்காட்சியகங்களுக்குள் போய்விட்டன.

அந்த வழக்கத்தை மீட்டவர்களில் முதன்மையானவர் மார்த்தா பெர்ரி. சிறுவயதிலேயே அம்மாவிடமும் பாட்டியிடமும் தையல் பழகியவர். மணித்தையலைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. பழைய பைகளின் படங்களைக் கூர்ந்து பார்த்துத் தானே கற்றார், அப்புறம் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2013இல் செரோக்கி மக்களின் அரசான செரோக்கி நேஷன் அவரைத் தன் 'தேசியப் பொக்கிஷம்' என்று கௌரவித்தது.

பழங்குடிக் கோலங்களை ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் கே வாக்கிங்ஸ்டிக். 1935இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் பிறந்தவர். தந்தை செரோக்கி, வளர்ந்தது தாயிடம். தந்தைவழி மரபை அவர் பின்னாளில் ஓவியத்தின் மூலமே தேடிப் போனார். 2007இல் செரோக்கியரின் பழைய தாயகமான ஸ்மோக்கி மலைகளைப் பெரிதாகத் தீட்டி, அடியோரத்தில் கண்ணீர்ப் பாதையில் நடந்து போகும் மக்களைச் சிறு உருவங்களாக வைத்தார். வேறு பல நிலக்காட்சிகளில், அந்தந்த நிலத்துப் பழங்குடியினரின் கோலங்களை மலைமீதும் நீர்மீதும் பதித்திருக்கிறார்.

இந்தக் கோலங்களை 'அலங்காரம்' என்று தமிழில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஓவியங்களில் அவை நிலம் யாருடையது என்பதைச் சொல்கின்றன. 'கோலம்', 'உருவம்' என்ற சொற்களே போதும்.