தோட்டை யாரும் திருடவில்லை

போன வாரம் ஒரு மருமகள் என் அறையில் உட்கார்ந்து அழுதார். மாமியாருக்கு 71 வயது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. "என் தோட்டை இவதான் எடுத்துட்டா" என்று ஏழெட்டு மாதமாகத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். நாத்தனார்கள் வந்து பஞ்சாயத்து வைத்தார்கள். கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண் ஒரு மாதம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். கடைசியில் தோடு கிடைத்தது துவரம்பருப்பு டப்பாவின் அடியில், மாமியாரின் கைக்குட்டையில் மூன்று முடிச்சுப் போட்டு. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அதற்குப் பிறகும் மகன் என்னிடம் சொன்னது இது: "ஒளிச்சு வெச்சுட்டு நடிக்கிறாங்க டாக்டர். 1974-ல வாங்குன முதல் சம்பளத்தைக் கேளுங்க, பைசா சுத்தமா சொல்லுவாங்க. இவங்களுக்கா மறதி?"

இந்தப் பேச்சை இந்த மாதத்தில் மட்டும் நான்காவது முறையாகக் கேட்கிறேன். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

பழசு நன்றாக ஞாபகம் இருப்பதால் மறதி நோய் இல்லை என்று ஆகாது. மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். புதிதாக நடப்பதை மனதில் பதிய வைக்கும், மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைத்தான் அது முதலில் பிடிக்கிறது. 1974-ன் சம்பளம் பதிந்து ஐம்பது வருடம் ஆகிவிட்டது, அதற்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. காலையில் சாப்பிட்ட இட்லி பதியவே இல்லை. "யோசிச்சுப் பாரும்மா" என்று எத்தனை முறை உலுக்கினாலும், உள்ளே இல்லாதது எப்படி வெளியே வரும்? அவர் மறைக்கவில்லை, அடம் பிடிக்கவில்லை, உங்களைப் பழிவாங்கவில்லை.

அந்த அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னேன். வட்டம் அழகாக வந்தது, ஆசிரியை கை. ஆனால் பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதிவிட்டார், இடது பக்கம் வெறுமை. முள் வரையவில்லை. நிமிர்ந்து பார்த்து, "என்ன வரையச் சொன்னீங்க சார்?" என்று கேட்டார். மகன் அப்போதுதான் வாயடைத்துப் போனார்.

திருட்டுப் பழியும் இங்கிருந்துதான் வருகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று தோட்டை ஒளித்தது அவரேதான். ஒளித்தது பதியவில்லை. காதில் தோடு இல்லை, வைத்த இடம் தெரியவில்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். வீட்டில் நாள் முழுக்கக் கூட இருப்பது யார்? மருமகள். யார் அதிகம் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள் மேல்தான் பழி விழும். இது இன்று நேற்று வந்த குணமல்ல. 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலாக விவரித்த நோயாளி, 51 வயதில் மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண். அவரிடம் ஆரம்பத்தில் தெரிந்த அறிகுறிகளில் ஒன்றே கணவர் மேல் சந்தேகம்தான். இதைப் படிக்கும் நாத்தனார்களும் கொழுந்தனார்களும் தயவுசெய்து பஞ்சாயத்தை நிறுத்துங்கள்.

"வயசானா மறதி சகஜம்" என்று விடுவதும் தப்பு. சாவியை வைத்த இடம் மறந்து, அப்புறம் ஞாபகம் வருவது வயசு. கேட்டதையே பத்து நிமிடத்தில் நாலு முறை கேட்பது, முப்பது வருடம் வைத்த சாம்பார் வைக்கத் தெரியாமல் நிற்பது, பழகின தெருவில் வழி தவறுவது நோய். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருப்பதாக 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர்.

அதற்காக எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. பெரிய ஸ்கேன் கவரோடு வருவார்கள்; பி12 வைட்டமின், தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்திருக்க மாட்டார்கள். அவற்றின் குறைபாடும், மன அழுத்த நோயும் மறதியைத் தரும், சரிசெய்யவும் முடியும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் பெரியவர்களைக் குழப்பிவிடும். போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டு வாருங்கள். முக்கியமாக, நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் அது அல்சைமர் இல்லை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம், சில வாரம் முன்பு விழுந்ததில் தலைக்குள் ரத்தக் கசிவு என எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அல்சைமருக்கு மாத்திரைகள் இருக்கின்றன. டோனெபெசில் போன்றவை சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும், நோயைக் குணமாக்காது. வீட்டில் நீங்கள் பேசும் விதம்தான் அன்றாட நிம்மதியைத் தரும். "வீட்டுக்குப் போகணும்" என்று அவர் கிளம்பினால், "இதுதாம்மா உன் வீடு" என்று சாயங்காலம் முழுக்க வாதாடாதீர்கள். "போகலாம், காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று சொல்லிப் பாருங்கள். இறந்துபோன கணவரைத் தேடினால், "செத்துட்டாரே, மறந்துட்டியா?" என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. அவரைப் பற்றி நாலு வார்த்தை பேச விடுங்கள். பொருள் தொலைந்தால் "நான் எடுக்கலை" என்று சண்டைக்குப் போகாமல், "வாங்க அத்தை, சேர்ந்து தேடலாம்" என்று எழுந்திருங்கள்.

கேஸ் சிலிண்டரை இரவில் மூடிவிடுங்கள். சட்டைப் பையிலோ கைப்பையிலோ பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். ஸ்கூட்டர் சாவியை வாங்கி வையுங்கள். காது கேட்கும் கருவி தேவையென்றால் தள்ளிப் போடாதீர்கள். பணம், சொத்து பற்றி அவர் விருப்பத்தை, புரிந்து பேச முடிகிற ஆரம்பக் கட்டத்திலேயே கேளுங்கள். எல்லாம் முற்றிய பிறகு பத்திரத்தோடு, அவர் புத்தி தெளிவாக இருக்கிறது என்று என்னிடம் சான்றிதழ் கேட்டு வராதீர்கள், தர மாட்டேன்.

பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். அந்த மருமகள் முழுசாக ஒரு இரவு தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, போனில் யோசனை சொல்வது போதும். வருடத்தில் பதினைந்து நாள் வந்து தங்கி, பார்த்துக்கொள்பவரை ஓய்வுக்கு அனுப்பி வையுங்கள். அதுவரை, வீடியோ காலில் "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். "அம்மா, நான் உன் பெரிய பையன் பேசறேன்" என்று நீங்களே சொல்லி ஆரம்பியுங்கள்.