“விளங்குதா?” என்று கேட்டால் எதுவும் தெரியவராது

திருகோணமலை மாவட்டத்து மூதூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் தரம் 10. பின்னேரத்தில் ஸூமில் விஞ்ஞான வகுப்பு. சேர் கொஞ்ச நேரம் படிப்பிக்கிறாராம், பிறகு கூகுள் ஃபோமில் மூன்று நான்கு கேள்வி அனுப்புகிறாராம். அதற்குப் புள்ளியும் கிடையாதாம். “புள்ளி இல்லாத சோதனை எதுக்கு? அந்த நேரத்தில் இன்னும் ஒரு பாடம் முடிக்கலாமே?” என்று கேட்கிறார்.

அந்தச் சேரின் பக்கம்தான் நான். காரணத்தைச் சொல்கிறேன்.

நேரடி வகுப்பில் ஆசிரியருக்குப் பிள்ளைகளின் முகம் தெரியும். பின்வாங்கில் இருப்பவன் கொப்பியைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தால் போதும், பாடம் எங்கே கைநழுவியது என்று பிடித்துவிடுவார். இணையத்தில் டேட்டா மிச்சம் பிடிக்கக் கமராவை எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சுவது கறுப்புக் கட்டங்களும், “விளங்குதா?” என்ற கேள்விக்கு எங்கிருந்தோ வரும் “ஓம் சேர்” என்ற ஒரு குரலும்தான். அந்தக் குரல் யாருடையது என்பதே பல நேரம் தெரியாது. ஸூமின் அரட்டைப் பெட்டியில் விடை எழுதச் சொன்னாலும், முதல் ஆள் எழுதியதையே மற்றவர்களும் எழுதுவார்கள்.

படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்காக எடுக்கும் கணிப்பீட்டைத் தமிழ்நாட்டில் வளரறி மதிப்பீடு என்கிறார்கள். தவணைப் பரீட்சை, சாதாரண தரப் பரீட்சை எல்லாம் முடிந்த படிப்பை அளப்பவை. இந்த இரண்டையும் 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் பிரித்துக் காட்டினார். பிறகு 1998இல் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, முதல் வகைக் கணிப்பீடு மாணவர்களை உண்மையாகவே முன்னேற்றுகிறது என்று எழுதினார்கள். நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் வேலையே நினைவைப் பலப்படுத்தும் என்பதும் தெரிந்த சங்கதி. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஒரு கிழமை கழித்து 42 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். இத்தனைக்கும் ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். “நேற்று எல்லாம் தெரிந்ததே” என்று பிள்ளைகள் முழிப்பது இதனால்தான்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நல்ல பல்தேர்வு வினாவில் சரியான விடையை விடப் பிழையான விடைகளை எழுதுவதுதான் கடினம். ஒவ்வொரு பிழையான விடையும், ஒரு பிள்ளை உண்மையாகவே யோசிக்கக்கூடிய ஒரு பிழையான வழியின் முடிவாக இருக்க வேண்டும். நம் ஊர் உதாரணம் ஒன்று: கொட்டியாரக் குடாவின் உப்பு நீரில் மிதக்கும் வள்ளம், அதே பாரத்துடன் மகாவலியின் நன்னீருக்குள் போகிறது. வள்ளத்தின் மீதான மேலுதைப்புக்கு, அதாவது நீர் அதை மேலே தள்ளும் விசைக்கு, என்ன நடக்கும்? கூடும், குறையும், மாறாது.

“குறையும்” என்ற பிள்ளைக்கு நன்னீரின் அடர்த்தி குறைவு என்று தெரியும். ஆனால் வள்ளம் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்து அதை ஈடுகட்டும் என்பது தெரியாது. “கூடும்” என்ற பிள்ளைக்கு வள்ளம் கூடுதலாக அமிழும் என்று தெரியும், அடர்த்தியை மறந்துவிட்டது. புள்ளி போட்டால் இரண்டு பேருக்கும் பூச்சியம்தான் கிடைக்கும். ஆனால் ஒருவருக்குச் சொல்ல வேண்டிய விளக்கம் மற்றவருக்கு உதவாது.

சரியான விடை “மாறாது”. மிதக்கும் பொருளின் மீதான மேலுதைப்பு எப்போதும் அதன் நிறைக்குச் சமன். வள்ளம் பாரத்துடன் 2000 கிலோகிராம் என்றால், அவ்வளவு நிறையுள்ள நீரை அது தள்ளி ஒதுக்க வேண்டும். லீற்றருக்கு 1.025 கிலோகிராம் உள்ள கடல்நீரில் சுமார் 1951 லீற்றரை ஒதுக்கினால் போதும். நன்னீரில் 2000 லீற்றரை ஒதுக்க வேண்டும். அந்த 49 லீற்றருக்காக வள்ளம் சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவுதான்.

“மாறாது” என்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது. “அதே வள்ளம்தானே, எதுவும் மாறாது” என்று அடித்துவிட்டவரும் அதில் இருப்பார். அதனால் இரண்டாவது கேள்வி: வள்ளம் அமிழும் ஆழம்? அங்கும் “மாறாது” என்றால் ஆள் பிடிபட்டுவிட்டார்.

கூகுள் ஃபோமில் விடைக்கு ஏற்றபடி வேறு வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி உண்டு. “கூடும்” என்றவருக்கு அடர்த்தி பற்றி இரண்டு வரி, “குறையும்” என்றவருக்கு அமிழ்தல் பற்றி ஒரு படம். சேர் நித்திரையில் இருந்தாலும் பிள்ளைக்கு அந்த நேரமே மறுமொழி கிடைக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒரே போனைப் பங்கு போடும் வீட்டில், இரவு எட்டு மணிக்கும் செய்யலாம்.

இதோடு “எவ்வளவு நிச்சயம்?” என்றும் கேட்கச் சொல்வேன். நிச்சயமாகச் சரி என்று நம்பிய விடை பிழைத்துப்போனால், அரைகுறை நம்பிக்கையோடு பிழைவிட்டதை விட அது நன்றாகத் திருந்துகிறது. பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் காட்டியது இது. கேட்டால் தலைகீழாகத் தெரியும். நம்பியது பொய்த்த திடுக்கிடலில் மூளை சரியான விடையை உற்றுக் கவனிக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

இனிப் புள்ளி. 1988இல் ரூத் பட்லர் மாணவர்களில் சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்கு வேலையைப் பற்றி எழுதிய கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். கருத்து மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள், புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். புள்ளியைப் பார்த்த கண் கருத்தை வாசிக்காது போலும். புள்ளி இல்லையென்றால் பார்த்தெழுதும் ஆசையும் பாதி குறைந்துவிடும், அது இணையத்தில் பெரிய லாபம்.

பரீட்சைக்கு முதல் பத்திரகாளி அம்மன் கோயிலில் பேனாவை வைத்துக் கும்பிடுவதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, யாருக்கும் நட்டமில்லாத காரியம். “என் பிள்ளை பார்த்துப் படிக்கிற ரகம், அதனால் வீடியோதான் வேணும்” என்பதுதான் இன்றைய மூடநம்பிக்கை. ரகம் பிரித்துப் படிப்பித்தால் பயன் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008லேயே உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். டேப்லெட் கொடுக்கும் விழாவுக்கு மேடையும் மாலையும் கிடைக்கின்றன. பிழையான விடைகளை யோசித்து எழுத ஆசிரியருக்கு ஒரு மணி நேரம் கொடுக்க யாரும் காசு ஒதுக்குவதில்லை.

அந்தத் தாய்க்கு ஒன்று சொல்லலாம். “எத்தனை சரி?” என்று கேட்காதீர்கள் அக்கா. “எது பிழைச்சது, ஏன் அப்படி நினைச்சனீ?” என்று கேளுங்கள். ஒரு கிழமை கழித்து அதே வள்ளத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: ஆற்றுக்குள் வந்தபிறகு பாதி மீனை இறக்கிவிட்டார்கள், இப்போது மேலுதைப்பு? “மாறாது” என்பதைப் பாடமாக்கி வைத்தவன் அதையே திருப்பிச் சொல்வான். நிறையைப் பிடித்துக்கொண்டவன் “குறையும்” என்பான்.