பார்ட்னர்ஷிப்: பங்காளியா, கூட்டாளியா, கூட்டாண்மையா?

ஒரு பல்கலைக்கழகம் சட்ட உதவி மையத்தோடோ, மனித உரிமை அமைப்போடோ, சிறைவாசிகளுக்குக் கல்வி தரும் குழுவோடோ கைகோக்கும்போது, முதலில் கையெழுத்தாகும் தாளில் தவறாமல் இருக்கும் சொல் பார்ட்னர்ஷிப். 2015 செப்டம்பரில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 16ஆவது அமைதியையும் நீதியையும் வலுவான நிறுவனங்களையும் பேசுகிறது. 17ஆவது பார்ட்னர்ஷிப்பைப் பேசுகிறது. இந்தச் சொல் தமிழுக்கு வரும்போது பங்காளித்துவம், பங்குடைமை, பங்காண்மை, கூட்டுறவு, கூட்டாண்மை என்று ஆளுக்கொரு வடிவம் எடுக்கிறது. எதை எழுதினாலும் ஒன்றுதான் என்று விட்டுவிட முடியாது. எந்தச் சொல்லை எழுதுகிறோமோ அதற்கேற்பத்தான் வேலையும் அமையும்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. பார்ட்னர் என்பது பார்சனர் என்ற பழைய சட்டச் சொல்லின் திரிபு. பகுப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லான பார்ட்டிஷியோ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பார்சனர் என்றால் பிரிக்கப்படாத சொத்துக்குச் சேர்ந்து வாரிசாக இருப்பவர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வரும் கோபார்சனர் என்ற சொல்லிலும் இதே வேர்தான் இருக்கிறது. அப்படியானால் வேரோடு பார்த்து மொழிபெயர்த்தால் பார்ட்னர் என்பவர் அச்சு அசலாகப் பங்காளி!

ஆனால் தமிழில் பங்காளி என்றதும் காதில் விழுவது சண்டை. பங்காளிச் சண்டை, பங்காளிக் காய்ச்சல் என்றெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லில் பாகப்பிரிவினையின் கசப்பு ஏறிவிட்டது. அமைதிக்கான உடன்பாட்டுக்குத் தலைப்பாக வைக்க ஏற்ற சொல் அல்ல. பங்காளித்துவம் என்று நீட்டினாலும் அந்த வாடை போகாது. கூட்டாளிக்கு வேறொரு சிக்கல். இலங்கைத் தமிழில் அது நண்பனைக் குறிக்கும் அன்பான சொல். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் பெரும்பாலும் குற்றவாளியோடு சேர்ந்து பிடிபட்டவர்தான் கூட்டாளி. கூட்டுறவு என்ற நல்ல சொல்லைக் கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்துக்கொண்டன. பங்குதாரர் என்றால் நிறுவனத்தின் பங்குகளை வைத்திருப்பவர் நினைவுக்கு வருகிறார்.

மிஞ்சுவது கூட்டாண்மை. எங்கள் தேர்வு இதுதான். கூடு என்ற வினையிலிருந்து கூட்டு. ஆள் என்ற வினையிலிருந்து ஆண்மை. இங்கே ஆண்மைக்கும் ஆண்பாலுக்கும் தொடர்பில்லை. வேளாண்மை, தாளாண்மை என்ற சொற்களில் வருகிற அதே ஆளும் தன்மை. சேர்ந்து ஆள்வது கூட்டாண்மை. சேர்ந்து உட்கார்வது மட்டும் கூட்டம்தான். பங்கு என்ற சொல் கிடைத்ததைப் பிரிப்பதைச் சொல்கிறது. கூட்டாண்மை அதற்கு ஒரு படி முன்னே போய், எதைச் செய்வது என்று முடிவெடுப்பதையே சேர்ந்து செய்யச் சொல்கிறது. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் யூனிவர்சிட்டி என்ற சொல்லின் மூலமான யூனிவர்சிடாஸும் தொடக்கத்தில் கட்டடத்தையோ படிப்பையோ குறிக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒன்றுசேர்ந்த ஒரு சங்கத்தைத்தான் குறித்தது.

ஓர் எச்சரிக்கை. கூட்டாண்மைக்கு ஏற்கெனவே ஒரு சட்டப் பொருள் உண்டு. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், தொழிலில் வரும் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களின் உறவையே அப்படி அழைக்கிறது. அந்த உறவில் ஒருவர் தொழிலுக்காகச் செய்யும் செயல் மற்றவரையும் கட்டுப்படுத்தும். கடனுக்கும் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. பிற நாட்டுச் சட்டங்களிலும் இதே கருத்து பெருமளவு உண்டு. பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு இந்தச் சொல்லைக் கண்டதும் பேனாவைக் கீழே வைப்பது இதனால்தான். சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைக் கடைசியில் தருகிறோம்.

இனி, சொல் கேட்கும் வேலை. சேர்ந்து ஆள்வது என்றால் எதை?

முதலாவது கேள்வியை. எந்தச் சிக்கலை எடுத்துக்கொள்வது என்பதைப் பேராசிரியர் நிதி விண்ணப்பத்தில் எழுதி முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் வெளி அமைப்பிடம் ஆதரவுக் கடிதம் கேட்டால், அந்த அமைப்புக்குக் கிடைத்தது பெயர்ப்பலகை மட்டும்தான். விண்ணப்பத்தின் முதல் வரைவுக்கு முன்பே இரு தரப்பும் உட்கார வேண்டும். இரு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில், மும்மூன்று பேர் கொண்ட குழு போதும்; தலைமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாறட்டும். குழு பெரிதானால் கூடுவதே அரிதாகிவிடும்.

அடுத்தது பணம். பல்கலைக்கழகத்தின் வழக்கம், செலவு செய்து ரசீது கொடுத்தபின் திருப்பித் தருவது. இரண்டு ஊழியர் உள்ள சிறு அமைப்பு மூன்று மாதம் கைப்பணத்தில் ஓட்ட முடியாது. முன்பணமாகத் தருவது, பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் நிர்வாகச் செலவைப் போலவே வெளி அமைப்புக்கும் நிர்வாகச் செலவு ஒதுக்குவது, கூட்டங்களுக்கு வரும் ஊர் மக்களின் நேரத்துக்கு ஊதியம் வைப்பது ஆகிய மூன்றையும் வரவு செலவுத் திட்டத்தில் தனித்தனி வரியாக எழுத வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால் கணக்குப் பிரிவு அனுமதிக்காது.

மூன்றாவது காலம். செமஸ்டர் பதினைந்து, பதினாறு வாரத்தில் முடிந்துவிடும். ஒரு நில வழக்கோ குடும்ப வன்முறை வழக்கோ ஆண்டுக்கணக்கில் போகும். சட்ட உதவி மையங்களில் அடிக்கடி நேரும் கோளாறு இதுதான்: வழக்கை எடுத்த மாணவர் தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார், கட்சிக்காரர் விடுமுறையில் பூட்டிய கதவின் முன் நிற்பார். அதனால் ஒவ்வொரு வழக்குக்கும் மாணவர் அல்லாத ஒரு நிரந்தர வழக்கறிஞர் பொறுப்பாக இருக்க வேண்டும். செமஸ்டர் முடிய மூன்று வாரம் இருக்கும்போதே ஒப்படைப்புக் கோப்பு எழுதத் தொடங்க வேண்டும். அதில் அடுத்த விசாரணைத் தேதி, நிலுவையில் உள்ள ஆவணங்கள், கட்சிக்காரரிடம் என்ன சொல்லப்பட்டிருக்கிறது ஆகிய மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நான்காவது அறிவையும் பதிவையும் ஆள்வது. அதிகம் காயப்படுத்துவது இதுதான் என்பதால் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை, பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்று வட அயர்லாந்தில் நடந்த மோதலில் ஆயுதம் ஏந்திய இருதரப்பினரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய நிதி தந்தது. பேட்டி கொடுத்தவர்களுக்கு, அவர்கள் இறக்கும்வரை பதிவு வெளியே போகாது என்று எழுதிக் கொடுக்கப்பட்டது. திட்ட இயக்குநரோடு கல்லூரி செய்த ஒப்பந்தத்தில் ‘அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற வரம்பு இருந்தது; பேட்டி கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட தாளில் அது இல்லை. 2011இல் பிரிட்டன் தரப்பின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணை வந்தது. பதிவுகளில் ஒரு பகுதி வட அயர்லாந்துக் காவல்துறையின் கைக்குப் போனது. நம்பிப் பேசியவர்கள் ஆபத்தில் நின்றார்கள். ஒரே திட்டத்தின் இரண்டு தாள்களில் ஒரு சொற்றொடர் வேறுபட்டதன் விலை அது. எனவே, காக்க முடியாத இரகசியத்துக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. பேட்டி தருபவரின் தாளையும் நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே வழக்கறிஞர் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பெயர் தேவையில்லாத இடத்தில் பெயரைப் பதிவே செய்யாமல் விடுவதுதான் மிகப் பெரிய பாதுகாப்பு.

தரவு யாருக்குச் சொந்தம் என்பதற்குக் கனடாவின் முதற்குடிகள் 1998இல் வகுத்த நெறி நல்ல அளவுகோல்: உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். நான்கில் கடைசியைத்தான் பல்கலைக்கழகங்கள் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. கட்டுரை வெளியிடும் முன் வெளி அமைப்பு படித்துக் கருத்துச் சொல்ல 30 நாள் தரலாம். தடுக்கும் அதிகாரம் வேறு, திருத்தச் சொல்லும் உரிமை வேறு; எது என்று எழுதியே வைக்க வேண்டும்.

ஆளுதல் உண்மையில் கைமாறிய இடமும் உண்டு. 1997இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இன்சைட் அவுட் திட்டத்தில், வெளி மாணவர்களும் சிறைவாசிகளும் சிறைக்குள் ஒரே வகுப்பில், ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். அத்திட்டத்தில் பாடம் நடத்த விரும்பும் பேராசிரியர்களுக்குப் பயிற்சி தருவோரில் சிறைவாசிகளும் இருக்கிறார்கள். கூட்டாண்மை என்ற சொல்லின் பின்பாதி அங்கே பொருள் பெறுகிறது.

பிரிவதற்கும் ஒரு பத்தி வேண்டும்: மூன்று மாத முன்னறிவிப்பு, கையில் உள்ள வழக்குகள் முடியும்வரை பொறுப்பு, பதிவுகள் யாரிடம் போகும் என்ற விவரம். துணைவேந்தரோ அமைப்பின் செயலாளரோ மாறும்போது பல கூட்டாண்மைகள் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன. கையெழுத்தில் பதவிப் பெயர்களும் இருந்தால் இதை ஓரளவு தடுக்கலாம்.

பயன்பாடு: பார்ட்னர்ஷிப் என்பதற்குக் கூட்டாண்மை. பார்ட்னருக்குக் கூட்டாளர், கூட்டாளி வேண்டாம். இடம் கொடுப்பது, பேச்சாளரை அனுப்புவது போன்றவற்றுக்கு ஒத்துழைப்பு என்ற சொல்லே சரி. அதைக் கூட்டாண்மை என்று உயர்த்தி எழுத வேண்டாம். ஸ்டேக்ஹோல்டர் என்பதற்குப் பங்குதாரர் என்று எழுதாமல், தொடர்புடையோர் என்று எழுதலாம். ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரி இது:

‘இவ்வொப்பந்தத்தில் கூட்டாண்மை என்பது இரு தரப்பும் சேர்ந்து முடிவெடுத்துச் செயல்படும் முறையைக் குறிக்கும், இலாபம் பகிரும் தொழில் உறவைக் குறிக்காது. ஒரு தரப்பு மற்றத் தரப்பின் பெயரால் கடனோ கடப்பாடோ ஏற்க இது அதிகாரம் அளிக்காது.’